ஜாது: ஒரு பாரசீகச் சொல்லின் பயணம்

ஜாது என்பது மாயவித்தை, மந்திரம், சூனியம் ஆகியவற்றைக் குறிக்கும் பாரசீகச் சொல்லாகும். பாரசீகத்தில் இது ஜாதூ என நெடிலில் முடியும். இந்தி, உருது, மராத்தி, குஜராத்தி, வங்காளம், கன்னடம் முதலிய இந்திய மொழிகளிலும், துருக்கியம், ஜார்ஜியம், ஆர்மீனியம் முதலிய மேற்காசிய மொழிகளிலும் இச்சொல் சிறு மாற்றங்களோடு வழங்குகிறது. தமிழ், பாரசீகத்திலிருந்து நூற்றுக்கணக்கான சொற்களைப் பெற்ற மொழி. இருந்தும் இந்தச் சொல் தமிழின் பொது வழக்கில் வேரூன்றவில்லை. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் பள்ளிப்பட்டு, திருத்தணி போன்ற எல்லை ஊர்களின் சொல்வழக்கைப் பார்த்தால், ஒரு சொல் எந்த வழியில் பயணிக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

தோற்றம்

ஜாது என்ற சொல்லின் மிகப் பழைய வடிவம் யாது என்பதாகும். ஜரதுஸ்திர சமயத்தின் மறைநூலான அவெஸ்தாவிலும், இந்தியாவின் ரிக் வேதத்திலும் இந்த வடிவம் காணப்படுகிறது. ஈரானிய மொழிகளும் வடஇந்திய மொழிகளும் ஒரே மூதாதை மொழியிலிருந்து பிரிந்தவை என்பதால் இது வியப்பன்று. தமிழில் ‘எது’ என்ற பொருளில் வரும் யாது என்ற வினாச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. யாதவர் குலத்தோடு தொடர்புடைய யது என்ற பெயரும் வேறு சொல்லே.

இரு மரபுகளிலும் யாது என்பது தீய சொல். இது கவனிக்கத்தக்கது. ஏனெனில் பல சொற்கள் இந்த இரு மரபுகளிலும் எதிரெதிர்ப் பொருளைப் பெற்றன. தேவர் என்பவர் இந்தியாவில் வணக்கத்துக்குரியவர். அதே சொல்லின் அவெஸ்தா வடிவம் தீய சக்தியைக் குறிக்கும். அசுரர் என்பது பிற்காலத்தில் இந்தியாவில் பகைவரைக் குறித்தது. ஈரானில் அதன் இணைச்சொல்லான அஹுரா, அஹுர மஸ்தா என்ற முழுமுதற் கடவுளின் பெயரில் இடம்பெற்றது. இவ்வளவு முரண்பட்ட இரு மரபுகளும் யாது என்பதைத் தீமை என்று சொல்வதில் மட்டும் ஒன்றுபட்டன. பிறருக்குத் தீங்கு செய்ய மறைவாகச் செய்யப்படும் செயல் என்பதே அதன் அடிப்படைப் பொருள்.

ரிக் வேதத்தில் யாதுதானன் என்ற சொல்லும் வருகிறது. யாது செய்பவன், தீய ஆவி என்ற பொருள்களில் அது ஆளப்பட்டது. பிற்காலத்தில் அது அரக்கரைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்றாயிற்று. ஏழாம் மண்டலத்தின் 104ஆம் பாடலில் வசிட்டரின் கூற்றாகக் கருதப்படும் ஒரு பகுதி உண்டு. தம்மை யாதுதானன் என்று பொய்யாகப் பழிப்பவர்களை எதிர்த்து அவர் சபதம் செய்கிறார். தாம் அப்படிப்பட்டவராக இருந்தால் அன்றே உயிர் போகட்டும் என்கிறார். ஆக, இச்சொல் கிடைக்கும் மிகப் பழைய நூலிலேயே அது ஒருவர் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டாக இருக்கிறது. சொல்லின் இந்த முகம் அதன் வரலாறு முழுவதும் மறையவில்லை.

யாது ஜாதூ ஆன விதம்

பழைய ஈரானிய மொழியிலிருந்து பாரசீகம் உருவானபோது ஒழுங்கான சில ஒலி மாற்றங்கள் நிகழ்ந்தன. அவற்றுள் இரண்டு இச்சொல்லுக்கு முக்கியமானவை.

முதலாவது, சொல்லின் தொடக்கத்தில் இருந்த யகரம் ஜகரமாயிற்று. தமிழர் நன்கறிந்த ஒரு சொல்லே இதற்குச் சான்று. படைவீரரைக் குறிக்கும் ஜவான் என்பது பாரசீகத்தில் ‘இளைஞன்’ என்று பொருள்படும். சமஸ்கிருதத்தில் அதன் இணைச்சொல் யுவன். வாற்கோதுமையைச் சமஸ்கிருதம் யவம் என்கிறது. பாரசீகம் ஜவ் என்கிறது. இந்திய மரபின் யமனுக்கு இணையான ஈரானியத் தொன்ம அரசர் யிமா, பிற்காலப் பாரசீகத்தில் ஜம் ஆனார். ஜம்ஷீத் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

இரண்டாவது, இரண்டு உயிர்களுக்கு இடையே நின்ற வல்லோசைத் தகரம் மெலிந்தது. தமிழ் எழுத்தில் இந்த மாற்றத்தைக் காட்ட முடியாது, ஆனால் காதால் உணரலாம். ‘பத்து’ என்ற சொல்லில் உள்ள தகரமும் ‘காது’ என்ற சொல்லில் உள்ள தகரமும் ஒரே எழுத்துத்தான், ஒலி வேறு. பழைய யாது என்பதன் தகரம் முன்னதைப் போன்றது. பாரசீக ஜாதூவின் தகரம் பின்னதை ஒத்தது. தந்தையைக் குறிக்கும் பிதர், தாயைக் குறிக்கும் மாதர் ஆகிய பாரசீகச் சொற்களிலும் இதே மெலிவு நிகழ்ந்துள்ளது.

சாசானியர் ஆட்சிக் காலத்தின் (கி.பி. 224–651) நடு பாரசீகத்தில் இச்சொல் ஜாதூக் என்று வழங்கியது. அப்போது அது சூனியக்காரரைக் குறித்தது. ஜாதூகீஹ் என்பது சூனியம். சமய நூல்கள் அதைப் பெரும் பாவங்களுள் ஒன்றாகச் சேர்த்தன. நடு பாரசீகக் கதை ஒன்றில் அக்த் என்ற ஜாதூக் ஓர் ஊருக்குப் படையோடு வந்து விடுகதைகள் போடுகிறான். விடை தெரியாதவர்களைக் கொல்கிறான். யோஷ்த் என்ற நல்லவர் 33 விடுகதைகளுக்கும் விடை சொல்லி, தாம் கேட்ட மூன்று கேள்விகளால் அவனை வீழ்த்துகிறார். வேதாளத்தின் கேள்விகளைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தக் கதையின் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

ஏறத்தாழ கி.பி. 1010இல் பிர்தவ்சி முடித்த ஷாநாமாவிலும் ஜாதூ என்ற சொல் தீய மந்திரக்காரரைக் குறிக்கிறது. வீரர் ருஸ்தம் கடக்கும் ஏழு சோதனைகளுள் ஒன்று, அழகிய பெண்ணாக உருமாறி வரும் ஒரு சூனியக்காரியை வெல்வது. எனினும் பாரசீகக் காதல் கவிதை இச்சொல்லை மெல்ல மென்மையாக்கியது. காதலியின் கண்ணை ‘ஜாதூ’ என்று புகழ்வது கவிமரபாயிற்று. பாவத்தைக் குறித்த சொல் மயக்கும் அழகையும் குறிக்கத் தொடங்கியது. இந்தியாவுக்கு வந்தபோது இந்த இரண்டு பொருள்களையும் சேர்த்தே அது கொண்டுவந்தது.

மேற்கிலும் வடக்கிலும்

ஈரானின் அண்டை மொழிகள் இச்சொல்லை வெவ்வேறு காலங்களில் பெற்றன. அவை கொண்ட வடிவமே பெற்ற காலத்தைச் சொல்லிவிடும்.

- ஆர்மீனியம்: ஜாதுக். சொல்லின் இறுதியில் உள்ள ககரம், இது இக்காலப் பாரசீகத்திலிருந்து அன்றி நடு ஈரானியக் காலத்திலேயே பெறப்பட்டது என்பதைக் காட்டுகிறது.
- ஜார்ஜியம்: மந்திரத்துக்கு ஜாதோ, மந்திரக்காரருக்கு ஜாதோகாரி. பின்னது பாரசீக ஜாதூகர் என்பதன் வடிவம்.
- துருக்கியம்: ஜாதி, அதாவது சூனியக்காரி. இங்கே சொல் வித்தையை விட்டு ஆளைக் குறிக்கிறது; அதுவும் பெரும்பாலும் பெண்ணை. மேலை நாட்டு ஹாலோவீன் திருநாளைத் துருக்கியர் ‘ஜாதிகளின் திருநாள்’ என்ற பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர்.
- குர்தியம், பஷ்தூ, தாஜிக், உஸ்பெக்: ஏறக்குறைய பாரசீக வடிவமே வழங்குகிறது.

இசுலாம் பரவியபின் அரபு மொழியின் சிஹ்ர் என்ற சொல் சமய நூல்களில் மந்திரத்துக்கு உரிய சொல்லாயிற்று. மலாய் மொழி இன்றும் சிஹிர் என்கிறது. மலாய்த் தீவுகளுக்கு எட்டிய சமயச் சொல் அரபு. இந்தியாவின் தெருக்களுக்கு வந்த பேச்சுச் சொல் பாரசீகம். ஒரே பொருளுக்கு இரண்டு இரவல் சொற்கள் இரண்டு வழியில் சென்றதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இந்திய மொழிகளில்

லாகூரைக் கஜினி அரசு 11ஆம் நூற்றாண்டில் தன் மையங்களுள் ஒன்றாக்கியது முதல், 1206இல் தொடங்கிய தில்லி சுல்தானியம், பின்னர் முகலாயப் பேரரசு ஆகியவை வழியாகப் பாரசீகம் வட இந்தியாவில் ஆட்சிமொழியாகவும் இலக்கிய மொழியாகவும் நிலைபெற்றது. தக்காணத்தில் 1347இல் உருவான பாமினி அரசும், அதன் பின் வந்த பிஜாப்பூர், கோல்கொண்டா அரசுகளும் பாரசீகத்தை ஆதரித்தன. இந்தச் சூழலில்தான் ஜாதூ, ஜாதூகர் ஆகிய சொற்கள் இந்திய மொழிகளில் கலந்தன.

ஜாதூகர் என்பதில் உள்ள ‘கர்’ என்னும் ஈறு ‘செய்பவர்’ என்று பொருள்படும் பாரசீக ஈறு. வணிகரைக் குறிக்கும் சௌதாகர், வித்தை காட்டுபவரைக் குறிக்கும் பாஜிகர் ஆகியவற்றிலும் அதுவே உள்ளது. மாயவித்தைக்காரர் என்ற சொல்லில் தமிழ் ஏற்றுக்கொண்ட ‘காரர்’ என்ற ஈறு சமஸ்கிருதக் ‘கார’ என்பதிலிருந்து வந்தது. பாரசீகக் ‘கர்’ என்பதும் இதுவும் தொலைவில் உறவுடையவை.

வங்காளத்தில் இச்சொல்லை இரண்டு விதமாக எழுதுவர். சிலர் ஜகர எழுத்தால் எழுதுவர். சிலர் சமஸ்கிருத யாது என்பதை நினைவூட்டும் வகையில் யகர எழுத்தால் எழுதுவர். ஒலிப்பில் இரண்டும் ஒன்றே. அங்கு அருங்காட்சியகத்துக்கு ஜாதுகர், அதாவது மந்திர வீடு, என்றே பெயர் (இதன் ஈறு ‘வீடு’ என்னும் பொருளுடைய இந்தியச் சொல், முன் சொன்ன பாரசீக ஈறு அன்று). 1814இல் நிறுவப்பட்ட கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தை மக்கள் இப்பெயரால்தான் அறிவர். சென்னை மக்கள் வேறு வழியில் சென்றனர். 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘செத்த காலேஜ்’; உயிரியல் பூங்காவுக்கு ‘உயிர் காலேஜ்’. ஒரே வகைக் காட்சியைக் கண்டு ஒரு நகரம் மந்திரம் என்றது. மற்றொரு நகரம் பாடம் பண்ணிய உடல்களைப் பார்த்துச் செத்தது என்றது.

இரவலா, மரபுச் சொல்லா?

யாது என்பது சமஸ்கிருதத்திலேயே இருக்கும்போது, இந்தி ஜாதூ ஏன் அதிலிருந்து நேரே வந்திருக்கக் கூடாது என்று கேட்கலாம். இந்தக் கேள்வி நியாயமானது. பிராகிருத மொழிகளிலும் சொல்லின் முதலில் நின்ற யகரம் ஜகரமாயிற்று. அதற்குச் சான்று பள்ளிப்பட்டிலேயே கிடைக்கிறது.

பள்ளிப்பட்டு, ராமகிருஷ்ணராஜுப்பேட்டை, திருத்தணி வட்டாரங்களில் கங்கையம்மன் திருவிழாவை ‘ஜாத்திரை’ என்பர். எல்லையைக் கடந்தால் அது தெலுங்கில் ‘ஜாதர’. திருப்பதியில் நடக்கும் கங்கம்மா ஜாதர புகழ் பெற்றது. இது சமஸ்கிருத யாத்திரை என்ற சொல்லிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது. இங்கே யகரம் ஜகரமானதற்குப் பாரசீகம் காரணம் அன்று. இந்திய மொழிகளே காரணம். எனவே தொடக்க ஒலியை மட்டும் வைத்து ஜாதூ என்பது பாரசீகமா, பிராகிருதமா என்று தீர்மானிக்க முடியாது.

தீர்ப்புச் சொல்வது நடு எழுத்து. யாத்திரை என்பதில் தகரமும் ரகரமும் சேர்ந்து நின்றதால் தகரம் பிழைத்தது. தனித்து நின்ற தகரம் பிராகிருதத்தில் பொதுவாக மறைந்துவிடும். மாதா என்பது இந்தியில் மாயீ எனத் தேய்ந்ததும், பிராதா என்பது பாயீ ஆனதும் அப்படித்தான். யாது என்பது அந்த வழியில் வந்திருந்தால் தகரம் இழந்த ஒரு வடிவம் கிடைத்திருக்க வேண்டும். இந்தியில் உள்ளதோ மெலிந்த தகரம் கொண்ட ஜாதூ. அது பாரசீக ஒலி விதிக்கு அப்படியே பொருந்துகிறது. ‘கர்’ என்ற பாரசீக ஈறோடு சேர்ந்தே அது வழங்குவதும் இதை உறுதிப்படுத்துகிறது. ஆக, ஜாத்திரை இந்திய வழியில் வந்த சொல். ஜாதூ ஈரான் சென்று திரும்பிய உறவினர். பார்க்க இரண்டும் ஒரே சாயல். வந்த பாதை வேறு.

சொற்களின் தோற்றத்தை ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து முடிவு செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ஒலி மாற்றத்தின் ஒவ்வொரு படியும் பொருந்த வேண்டும். அதே மாற்றம் வேறு சொற்களிலும் நிகழ்ந்திருக்க வேண்டும். சொல் வந்த வரலாற்று வழியும் இருக்க வேண்டும்.

தமிழில் ஏன் வேரூன்றவில்லை?

வட ஆர்க்காட்டுப் பகுதி பாரசீகத்துக்குத் தொலைவில் இருந்ததன்று. முகலாயர் 1690 முதல் 1698 வரை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டனர். அதன்பின் ஆர்க்காடு நவாபுகளின் தலைநகராயிற்று. பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும் அவர்களுக்குப் பேஷ்கஷ் என்னும் கப்பம் கட்டினர். பள்ளிப்பட்டை உள்ளடக்கிய பகுதி கார்வேட்டிநகர ஜமீனில் இருந்தது. 1801இல் கர்நாடகத்தின் ஆட்சியை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பிறகும் பழைய வருவாய்ச் சொற்கள் மாறவில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. மொழிவாரி மாநிலப் பிரிவினைக்குப் பின், ம. பொ. சிவஞானம் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாகவும் பட்டாஸ்கர் அளித்த தீர்ப்பின் அடிப்படையிலும் 1959இல் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது இப்பகுதி அதன் கீழ் வந்தது.

இத்தனை ஆட்சி மாற்றங்களிலும் தாலுகா, தாசில்தார், பிர்கா, ஜமாபந்தி, பசலி, வசூல், பாக்கி, ஜப்தி, ரத்து, வக்கீல், மகஜர் ஆகிய சொற்கள் அப்படியே நின்றன. இவற்றுள் பல பிறப்பால் அரபு. ஆனால் பாரசீக ஆட்சிமொழி வழியாகவே வந்தன. எல்லையின் இரு பக்கமும் தமிழரும் தெலுங்கரும் இவற்றைத் தம் சொற்களாகவே கருதுகின்றனர். பாரசீகம் இவ்வளவு ஆழமாக நுழைந்த இடத்தில் ஜாதூ மட்டும் ஏன் நுழையவில்லை?

முதற்காரணம், அது வந்திருக்க வேண்டிய வழி. மேலே கண்ட சொற்கள் அனைத்தும் கச்சேரியிலிருந்து, அதாவது அரசு அலுவலகத்திலிருந்து, மக்களிடம் இறங்கியவை. வரி கட்ட வேண்டியவர் வரி வாங்குபவரின் சொல்லைக் கற்றே ஆக வேண்டும். மந்திரத்துக்கு அப்படி ஓர் அலுவலகம் இல்லை. அது வித்தை காட்டுபவருக்கும் வேடிக்கை பார்ப்பவருக்கும், அல்லது நோய் கண்டவருக்கும் மந்திரிப்பவருக்கும் இடையே பேசப்படும் சொல். இருவரும் தமிழோ தெலுங்கோ பேசிய இடத்தில் பாரசீகச் சொல்லுக்குத் தேவை எழவில்லை.

இரண்டாவது காரணம், இருந்த சொற்களின் வளம். தமிழில் மாயம், மந்திரம், இந்திரசாலம், கண்கட்டு வித்தை, செப்பிடு வித்தை, ஏவல், பில்லி, சூனியம் என ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. செப்பு என்னும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து, உள்ளே வைத்ததை மறைத்துக் காட்டும் ஆட்டமே செப்பிடு வித்தை. பேச்சில் அது செப்படி வித்தை ஆயிற்று. தெலுங்கில் வேடிக்கை வித்தைக்குக் காரடி, இந்திரஜாலம். தீங்கு செய்வதற்குச் சேதபடி. விளையாட்டையும் தீவினையையும் இரு மொழிகளும் தனித்தனிச் சொற்களால் பிரித்து வைத்திருந்தன. ஜாதூ இரண்டையும் ஒன்றாகக் கட்டும் சொல். அதை ஏற்பது ஒரு வேறுபாட்டை இழப்பதாகவே இருந்திருக்கும்.

மூன்றாவதாக ஒலிச் சிக்கலும் உண்டு. ஜகரம் தமிழில் பலமுறை சகரமாகிவிடும். ஜாதி சாதி ஆனது போல. அப்படி ஆகியிருந்தால் ஜாது, அமைதியானவரைக் குறிக்கும் சாது என்ற சொல்லோடு மோதியிருக்கும். சூனியக்காரரும் சாதுவும் ஒரே சொல்லில் அடைபடுவது பேச்சுக்கு வசதியாக இருக்காது.

இதற்காகத் தமிழ்நாட்டில் ஜாதூ ஒலிக்கவே இல்லை என்று கொள்ளக் கூடாது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, சென்னைத் திருவல்லிக்கேணி ஆகிய இடங்களில் உருது பேசும் வீடுகளில் அது தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. தெருவைக் கடந்து தமிழுக்குள் வரவில்லை, அவ்வளவே. இந்தித் திரைப்படங்கள் பின்னாளில் அதைத் தமிழரின் காதுக்கு அறிமுகம் செய்தன. 2003இல் வந்த ‘கோயி மில் கயா’ படத்தில் வேற்றுலகவாசியின் பெயரே ஜாதூ.

மோடி மஸ்தான்

வித்தையின் பெயராக வராத பாரசீகம், வித்தைக்காரரின் பட்டமாக வந்தது. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் கூட்டம் கூட்டி, கீரியும் பாம்பும் விடப்போவதாகச் சொல்லி வித்தை காட்டுபவரைத் தமிழர் மோடி மஸ்தான் என்றனர். மோடி என்பது மந்திரப் போட்டியையும் மயக்கு வித்தையையும் குறிக்கும்; தெலுங்கிலும் இச்சொல் உண்டு. மஸ்தான் என்பது மயக்கம் கொண்டவர் என்று பொருள்படும் பாரசீக ‘மஸ்த்’ என்பதிலிருந்து வந்தது. இறைவன் மீது பித்தான சூபி ஞானியருக்கு அது மரியாதைப் பெயர். தமிழில் ஞானப் பாடல்கள் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அப்படி அழைக்கப்பட்டவரே.

ஆக ஒரு தெலுங்குத் தொடர்புடைய சொல்லும் ஒரு பாரசீகச் சொல்லும் தமிழ்த் தெருவில் கைகோத்து ஒரு தொழிலின் பெயராயின. ஞானியின் பட்டம் வித்தைக்காரருக்கு எப்படி வந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. தர்காவை ஒட்டி வாழ்ந்த பக்கீர்களிடம் அற்புத ஆற்றல் உண்டு என்று எல்லாச் சமயத்தாரும் நம்பினர். அந்த மதிப்பைக் கடன் வாங்கிய பெயரே மோடி மஸ்தான்.

மேற்கே சென்ற மற்றொரு சொல்

மந்திரம் தொடர்பாக ஈரான் உலகுக்கு வழங்கியது ஜாதூ மட்டுமன்று. பழைய பாரசீகத்தில் மகு என்பது சமயக் குருவைக் குறித்தது. முதலாம் தாரயவசு பேரரசர் பிசித்தூன் மலைப்பாறையில் மூன்று மொழிகளில் வெட்டுவித்த கல்வெட்டில் இச்சொல் வருகிறது. கி.மு. 522இல் அரியணையைப் பிடித்த கௌமாதன் ஒரு மகு என்று அது கூறுகிறது.

கிரேக்கர் அச்சொல்லை மகோஸ் என்று எடுத்துக்கொண்டனர். கி.மு. 490 முதல் பாரசீகருடன் பெரும் போர்களில் ஈடுபட்ட கிரேக்கருக்கு, பகை நாட்டுக் குருவின் சடங்குகள் புரியாத மந்திரங்களாகத் தெரிந்தன. நாளடைவில் மகோஸ் என்பது குருவையும் குறித்தது. ஏமாற்றும் மந்திரவாதியையும் குறித்தது. அவர்களின் கலை மகெயா. அது லத்தீனில் மகியா, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் மேஜிக்.

இந்த இரட்டைப் பொருள் தமிழ் விவிலியத்தில் தெளிவாகத் தெரிகிறது. மத்தேயு நற்செய்தியில் குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் கிரேக்க மூலத்தில் மகோய். தமிழில் அவர்கள் சாஸ்திரிகள் அல்லது ஞானிகள். திருத்தூதர் பணிகள் நூலில் எலிமா என்பவரும் மகோஸ் என்றே அழைக்கப்படுகிறார். அவரைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மாயவித்தைக்காரன் என்கிறது. கிரேக்கத்தில் ஒரே சொல். தமிழில் ஒருவர் வணங்கத்தக்கவர், மற்றவர் வெறுக்கத்தக்கவர்.

சொந்த நாட்டில் மகு ஒருபோதும் மந்திரவாதி ஆகவில்லை. பார்சிகளின் குருமார் இன்றும் மோபெத் எனப்படுகின்றனர். அது மகுக்களின் தலைவர் என்னும் பழைய சொல்லின் தேய்ந்த வடிவம். அரபு மொழி மஜூஸ் என்ற வடிவில் ஜரதுஸ்திர சமயத்தாரையே குறித்தது. மேற்கே சென்றபோதுதான் குரு மந்திரவாதியானார்.

ஜாதூவின் கதை இதற்கு நேர்மாறு. பிறந்த வீட்டில் அது பாவம்; கிழக்கே வந்தபோது வேடிக்கையும் வியப்பும் ஆயிற்று. டாங்கைல் பகுதியில் பிறந்து ‘இந்திரஜால்’ என்ற மேடைக் காட்சியை உலகெங்கும் கொண்டுசென்ற பி. சி. சர்க்கார் (1913–1971), ஜாதுச் சக்கரவர்த்தி என்று பெருமையோடு அழைக்கப்பட்டார். சாசானியர் காலத்து மோபெத் ஒருவருக்கு அந்தப் பட்டம் நடுக்கத்தைத் தந்திருக்கும்.

ஆங்கிலத்தில் ஜாதூ

இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரும் ஜாதூ என்ற சொல்லைத் தம் பேச்சில் சேர்த்துக்கொண்டனர். யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் அது இடம்பெற்றது. ஆங்கிலேயர் கதவைச் சாத்திக்கொண்டு கூடிய பிரீமேசன் சங்கக் கட்டடங்களை வட இந்திய மக்கள் மந்திர வீடு என்று பொருள்படும் பெயரால் அழைத்ததையும் அந்த அகராதி பதிவு செய்கிறது. இந்தியரின் மந்திரத்தை ஆங்கிலேயர் ஜாதூ என்றனர். ஆங்கிலேயரின் இரகசியக் கூட்டத்தை இந்தியர் ஜாதூ என்றனர். புரியாததை மந்திரம் என்பது கிரேக்கருக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

சட்டத்தில் ஒரு சொல்

இச்சொல்லின் பழைய முகம் இன்னும் மறையவில்லை. மராத்தியில் ஜாதூடோணா என்பது பில்லிசூனியத்தைக் குறிக்கும். மந்திர ஆற்றல் இருப்பதாகச் சொல்லி மக்களை ஏய்ப்பதையும், நோயாளிகளைத் துன்புறுத்துவதையும், சூனியக்காரர் என்று பழி சுமத்தி ஒருவரை வதைப்பதையும் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று மருத்துவர் நரேந்திர தபோல்கர் மகாராஷ்டிரத்தில் பல ஆண்டுகள் போராடினார். 2013 ஆகஸ்டு 20 அன்று புனேயில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களில் அவசரச் சட்டம் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 5,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. மராத்தி மக்கள் அதை ஜாதூடோணா எதிர்ப்புச் சட்டம் என்றே சொல்கின்றனர். பீகார் 1999இலும், ஜார்க்கண்டு 2001இலும், பெண்களைச் சூனியக்காரி என்று பழித்து வதைப்பதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தன.

மேடையில் தொப்பியிலிருந்து புறா எடுப்பவரை அந்தச் சட்டங்கள் தொடுவதில்லை. அவர் செய்வது வித்தை என்று அவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். தண்டிக்கப்படுவது, வித்தையை உண்மை என்று விற்பவரும், இல்லாத ஆற்றலை அடுத்தவர் மீது ஏற்றி அவரை அடிப்பவரும்தான். ஜாதூ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கும் மொழிகளில் இந்த எல்லையைச் சட்டம் எழுதி விளக்க வேண்டியிருக்கிறது. செப்பிடு வித்தை வேறு, சூனியம் வேறு என்று தமிழ் பேச்சிலேயே பிரித்துவிட்டது. ஆனால் சொல் பிரிந்திருப்பதால் மட்டும் பழி சுமத்துவது நின்றுவிடாது. யாதுதானன் என்று தம்மை அழைக்காதீர்கள் என்று வேதப் பாடலில் ஒருவர் இட்ட கூக்குரல், எந்த மொழியிலும் இன்னும் தேவைப்படுகிறது.